வச்சுக்குவாங்களா, விட்டுடுவாங்களா? தலைவாஸ் பற்றி ஒரு பாதிக் கேள்வி

பட்டுக்கோட்டை மணிக்கூண்டுப் பக்கத்து டீக்கடையில் போன மாசம் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் எனக்குச் சித்தப்பா முறை ஆகணும். அறுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் எங்க பக்கம் கபடியில் கார்னர் நின்னவர், இன்னைக்கும் கணுக்காலைப் பார்த்துத்தான் ஆளை எடை போடுவார்.

"ஏன் தம்பி, நீதான் இதெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கியே. அந்த அர்ஜுன் தேஷ்வாலை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்குவானுவளா, விட்டுடுவானுவளா?"

"வச்சுக்குவாங்க சித்தப்பா."

"பவனுக்கும் இதையேதான் சொன்ன."

சொன்னது உண்மைதான். 2022-ல் சொன்னேன், தப்பாப் போச்சு. வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளை எடுத்துப் புரட்டினேன். நான் தப்பாச் சொன்னது எதனால என்று பார்க்கப் போய், கேள்வியிலேயே ஒரு பாதியைக் காணோம் என்று பட்டது. அதைத்தான் இங்கே எழுதுறேன். கபடி பார்க்காதவர்களுக்கும் புரியுற மாதிரி எழுத முயற்சி பண்ணியிருக்கேன்.

முதலில் ஏற்பாடு என்னன்னு பார்ப்போம்

புரோ கபடி லீக்கில் ஒரு சீசன் முடிந்ததும் ஒவ்வொரு அணியும் ஒரு பட்டியல் கொடுக்கணும். இவங்களை வச்சுக்கிறோம், மத்தவங்களை விடுறோம் என்று. விடப்பட்டவர்கள் ஏலத்துக்குப் போவார்கள். அங்கே வீரர்கள் ஏ, பி, சி, டி என்று நாலு பிரிவு. ஏ பிரிவில் தொடக்க விலை 30 லட்சம், டி பிரிவில் 9 லட்சம். ஒரு அணி மொத்தமாகச் செலவு பண்ணக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு. 2022-ல் அது 4.4 கோடி, 2023 முதல் 5 கோடி. அந்தப் பணத்துக்குள் முழு அணியையும் கட்டி முடிக்கணும்.

இதில் 'ஃபைனல் பிட் மேட்ச்' என்று ஒரு சீட்டு இருக்கு. நீங்க விட்ட ஆளை இன்னொரு அணி ஏலத்தில் எடுத்துவிட்டால், அதே விலையைக் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கலாம். அதாவது விட்ட ஆளை விடாமல் இருக்க ஒரு வழி. இளம் வீரர்களை ஏலத்துக்கு வெளியே நேரடியாகச் சேர்த்துக்கொள்ளவும் தனி வழி இருக்கு.

இவ்வளவுதான் ஏற்பாடு. இதில் அணி என்ன செய்யலாம் என்பதற்கு நாலைந்து பாதைகள் இருக்கு. வீரர் என்ன செய்யலாம்? தன் பெயரை ஏலத்துக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். எந்த அணிக்குப் போவது என்பது அவர் கையில் இல்லை. இதை மனசுல வச்சுக்கங்க, பின்னால் திரும்ப வருவேன்.

பவன் என்கிற ஒரு ஆளின் விலை

சித்தப்பா குத்திக்காட்டிய கதை இது. 2022 ஆகஸ்ட் ஏலத்தில் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அதுவரை கபடியில் யாருக்கும் அவ்வளவு விலை போனதில்லை. 4.4 கோடியில் 2.26 கோடி என்றால் பாதிக்கும் மேல். ஒரே ஆள்மேல் பாதிப் பணம்.

அக்டோபரில் சீசன் தொடங்கியது. முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முழங்கால் போச்சு. அந்தச் சீசன் முழுக்க அவர் திரும்ப இறங்கவில்லை.

ஆனால் அந்தச் சீசனில்தான் தலைவாஸ் வரலாற்றிலேயே நல்லா ஆடியது. சாகர் ராத்தி, சாஹில் குலியா போன்ற பழைய டிஃபென்டர்கள் இருந்தாங்க. நரேந்தர் என்று ஒரு புதுப் பையன் பாடிப் போய் 243 ரெய்டு புள்ளி எடுத்தான். அணி முதல்முறையாக பிளே-ஆஃபுக்குப் போனது. உ.பி. யோதாவை டை-பிரேக்கரில் தாண்டி, அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று தோற்றது. ரெண்டே புள்ளி.

அடுத்த சீசனுக்கு முன்னால் பவனை விட்டுட்டாங்க. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வாங்கி ரெண்டு மூணு நாளில் ஏலம். தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. மறுபடியும் ஒரு சாதனை விலை, மறுபடியும் ஒரு அணியின் பாதிப் பணம். டைட்டன்ஸ் அந்தச் சீசனில் ரெண்டே ஆட்டம் ஜெயித்துக் கடைசி இடம்.

2024 ஏலத்தில் டைட்டன்ஸ் அவரை விட்டு, அந்தச் சீட்டைக் காட்டி 1.725 கோடிக்குத் திரும்ப எடுத்தது. 2025-ல் மறுபடி விட்டது. இந்த முறை 59.5 லட்சத்துக்கு எடுத்தது யார் தெரியுமா? தலைவாஸ். கேப்டனும் ஆக்கினார்கள். செப்டம்பரில், சீசன் தொடங்கிச் சில வாரத்திலேயே, ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி மீதிச் சீசனிலிருந்து விலக்கிட்டாங்க. அவர் அதை மறுத்தார். கேப்டன் பொறுப்பு அர்ஜுன் தேஷ்வாலுக்கு வந்தது.

2.26 கோடி, 2.605 கோடி, 1.725 கோடி, 59.5 லட்சம். இந்த நாலு எண்ணையும் வரிசையா எழுதி வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தேன். 2023-க்கும் 2025-க்கும் நடுவில் ஒரு மனுஷனின் ஆட்டம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்குமா? போயிருக்காது. ஏல விலை என்பது ஆட்டத்தின் அளவு மட்டும் இல்லை. அந்த நிமிஷம் அந்த அறையில் யார் கையில் எவ்வளவு மிச்சம் இருக்கு, எத்தனை பேருக்கு ரெய்டர் வேணும், யார் பெயர் எத்தனையாவதாகக் கூப்பிடப்பட்டது, எல்லாம் சேர்ந்த ஒரு எண். இதை நான் 2022-ல் யோசிக்கல. 'இவ்வளவு பணம் போட்டிருக்காங்க, அதனால விடமாட்டாங்க' என்று நினைச்சேன். போட்ட பணம் அந்த சீசனோடு முடிஞ்சு போச்சு. விட்டால் பணப்பை மறுபடி நிறையும். அணிக்கு விடுவதால் லாபம் உண்டு என்பதை நான் கணக்கில் எடுக்கல.

வச்சுக்கிட்டா ஜெயிக்கலாமா?

இங்கே ஒரு சுலபமான முடிவுக்கு வர ஆசையா இருக்கு: ஆளை மாத்தாத அணி ஜெயிக்கும், மாத்துற அணி தோற்கும் என்று. குறிப்புகளைப் பார்த்தால் அப்படிச் சுத்தமாக வரமாட்டேங்குது.

ஆதரவாகச் சொல்ல புனேரி பல்தான் இருக்கு. அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் இருவரையும் எட்டாவது சீசனிலிருந்து கையை விடாமல் வளர்த்தது. ஒன்பதில் இறுதி ஆட்டம், பத்தில் கோப்பை, பன்னிரண்டில் மறுபடி இறுதி ஆட்டம். ஆனால் நடுவில் பதினொன்றில் அதே அணி பிளே-ஆஃபே போகல.

எதிர்ப்பக்கம் ஈரான்காரர் முகமதுரேசா ஷாத்லூயி இருக்கார். பத்தாவது சீசனில் புனேரி அவரை 2.35 கோடிக்கு எடுத்துக் கோப்பையை அடித்தது, அப்புறம் விட்டது. பதினொன்றில் ஹரியானா ஸ்டீலர்ஸ் 2.07 கோடிக்கு எடுத்துக் கோப்பையை அடித்தது, அதுவும் விட்டது. பன்னிரண்டில் குஜராத் 2.23 கோடிக்கு எடுத்தது. கோப்பை வாங்கிக் கொடுத்த ஆளையே ரெண்டு அணி அடுத்தடுத்து விட்டிருக்கு. அதனால் அந்த ரெண்டு அணியும் அழிஞ்சு போகவும் இல்லை.

நம்ம தலைவாஸே ரெண்டு விதமாகவும் சாட்சி சொல்லும். 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் என்று பெரிய பெயர்களாகச் சேர்த்துக் கடைசி இடம். ஒன்பதாவது சீசனில் அரையிறுதி வந்த அணியைப் பெரும்பாலும் அப்படியே வச்சுக்கிட்டு பத்தாவது சீசனில் ஒன்பதாம் இடம். பதினொன்றில் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி கொடுத்தும் அதே ஒன்பதாம் இடம்.

ஆக, வச்சுக்கிறதோ விடுறதோ தனியாக எதையும் தீர்மானிக்கல. ஆனால் தலைவாஸ் விஷயத்தில் ஒண்ணு மட்டும் கண்ணை உறுத்துது. ஒன்பதாவது சீசனை உதயகுமார் கோச்சாகத் தொடங்கினார், நடுவில் அஷன் குமார் வந்தார். பத்தில் அஷன் குமார். பதினொன்றில் மறுபடி உதயகுமார், கூடவே தர்மராஜ் சேரலாதன். பன்னிரண்டில் சஞ்சீவ் பாலியான். ஒவ்வொரு கோச்சுக்கும் ஒரு ஆட்டம், ஒரு ஆள் வகை பிடிக்கும். கார்னர் முன்னால் பாயணுமா, கவர் காத்து நிக்கணுமா என்பதே மாறும். சமையல்காரரை வருஷா வருஷம் மாத்திக்கிட்டு, குழம்பு சரியில்லைன்னு அரிசிக்கடைக்காரரை மாத்துற மாதிரி இருக்கு இது. ஒரு ரெய்டரை வச்சுக்கலாமா என்று கேக்குறதுக்கு முன்னால், அவரை எதுக்கு எடுத்தோம் என்று சொல்லக்கூடிய ஆள் அடுத்த வருஷம் இருப்பாரா என்று கேக்கணும்.

எங்க ஊர்ல நடந்தது

எனக்கு இந்த விஷயத்தில் ஒரு சொந்தக் கதை இருக்கு. பெருமைப்பட ஒண்ணும் இல்லை.

எங்க ஊர் அணி பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடக்குற போட்டிகளில் ஆடும். ராத்திரி ஆட்டம், டியூப் லைட்டு, மைக்செட்டு, மூங்கில் கட்டின வேலி. சுத்துப்பட்டுல எல்லா ஊரும் பண்ணுறதுதான், நாங்களும் பண்ணுவோம்: வெளியூர்லேர்ந்து ஒரு ஆளை இறக்குவோம். எங்களுக்கு மன்னார்குடிப் பக்கத்திலேர்ந்து ஒரு அண்ணன் வருவார். பாடிப் போனா வெறுங்கையோட திரும்ப மாட்டார். பஸ் காசு, சாப்பாடு, ஜெயிச்சா பரிசுப் பணத்தில் ஒரு பங்கு. மூணு வருஷம் வந்தார். நான் அப்ப ஸ்கோர் நோட்டு எழுதுற பையன்.

நாலாவது வருஷம் மார்கழியில் அவருக்கு முழங்காலில் வலி என்று கேள்விப்பட்டோம். ஒரு வாரம் டீக்கடையில் இதே பேச்சு. கூப்பிடலாமா, வேற ஆளைப் பாக்கலாமா, கூப்பிட்டா அதே பங்கு கொடுக்கணுமா, குறைச்சுக் கொடுக்கலாமா? நான் நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு அவர் மூணு வருஷத்துல எத்தனை புள்ளி எடுத்தார்னு கணக்கெல்லாம் சொன்னேன். எல்லாரும் பேசினோம். அவருக்கு மட்டும் யாரும் ஒரு போன் போடல.

பொங்கல் முடிஞ்சு நடந்த போட்டியில் அவர் எதிரணி ஜெர்சியில் வந்து நின்னார். முழங்காலில் ஒரு பட்டை. ஆட்டம் முடிஞ்சு நான் போய், "என்னண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க"ன்னு கேட்டேன்.

"நான் என்னத்த தம்பி பண்ணுனேன்? பொங்கல் வரைக்கும் நீங்க கூப்புடுவீங்கன்னு இருந்தேன். கொறச்சுக் குடுத்தாக்கூட வந்திருப்பேன். கேட்டாத்தானே?"

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஒரு வாரம் நாங்க பேசினது பூரா அவரைப் பத்தித்தான். அந்தப் பேச்சுல அவர் இல்லை என்பது எங்க யாருக்கும் தோணவே இல்லை.

பனியில் ஆடுற ஹாக்கி

இந்த மறதி நம்ம ஊருக்கு மட்டும் உரியதா என்று பார்க்க, கொஞ்சம் தூரம் போவோம். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.-லில் 'ஒப்பந்தம் முடியப்போற ஆளைத் திரும்ப எடுப்பாங்களா' என்பது வருஷா வருஷம் பெரிய பேச்சு. நம்ம டீக்கடைப் பேச்சு மாதிரியேதான் இருக்கும், விலைக் கணக்கு உட்பட. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே வீரர் 27 வயதையோ 7 சீசனையோ தாண்டி, ஒப்பந்தமும் முடிந்துவிட்டால், ஜூலை 1 முதல் தனக்குப் பிடித்த அணியோடு தானே பேசலாம். பேரே 'ஃப்ரீ ஏஜென்ட்'.

ஜான் தவாரெஸ் என்று ஒருத்தர். 2009-ல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அப்புறம் கேப்டன். 2018 ஜூலை 1-ல் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் தன் சொந்த ஊர்ப்பக்க அணியான டொரான்டோவுக்குப் போயிட்டார். 7 வருஷம், 7.7 கோடி டாலர், வருஷத்துக்கு 1.1 கோடி. ஐலண்டர்ஸுக்குப் பதிலுக்கு ஒண்ணும் கிடைக்கல. அந்த ரசிகர்களுக்கு வந்த கோபம் பல வருஷம் அடங்கல.

2025-ல் அந்த 7 வருஷம் முடிஞ்சது. வயசு 34. இப்ப டொரான்டோ பக்கம் அதே கேள்வி: வச்சுக்குவாங்களா? ஜூன் கடைசியில் 4 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார். வருஷத்துக்கு 43.8 லட்சம் டாலர். பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை.

பவனின் விலையும் இறங்கியது, தவாரெஸின் விலையும் இறங்கியது. தவாரெஸ் தன் விலை இறங்குவதைத் தானே உட்கார்ந்து பேசி, எந்த ஊரில் இருக்கணும் என்பதற்காக ஒத்துக்கொண்டார். பவனுக்கு 2.605 கோடி வந்தபோதும் எந்த அணி என்று சொல்ல இடமில்லை, 59.5 லட்சம் ஆனபோதும் இடமில்லை. ரெண்டு வழியிலும் வீரருக்குக் காசு குறையும். பேச உட்காரும் இடம் ஒருத்தருக்கு இருக்கு, இன்னொருத்தருக்கு இல்லை.

அந்த உரிமை அங்கேயும் சும்மா வந்துடல. வீரர் சங்கம் 1967-ல் தொடங்கியது. 2004-05 சீசன் முழுக்க ஆட்டமே நடக்காத அளவுக்குத் தகராறு. அது முடிஞ்சப்பதான் சம்பள வரம்பும் வந்தது, சுதந்திர வயது 31-லிருந்து 27-க்குப் படிப்படியாக இறங்கவும் செஞ்சது. முதலாளிகளுக்கு ஒண்ணு, வீரர்களுக்கு ஒண்ணு.

நம்ம நாட்டில் ஆடுற ஹாக்கியும் கபடி வழியில்தான் போகுது. 2017-க்குப் பிறகு நின்னு போன ஹாக்கி இந்தியா லீக் 2024 கடைசியில் திரும்ப வந்தது. அதிலும் ஏலம்தான். ஆண்கள் அணி ஒன்றுக்கு 4 கோடி, 24 பேர். ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம். தமிழ்நாடு டிராகன்ஸ் அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கு எடுத்தது. தலைவாஸுக்குக் கேக்குற கேள்வியை டிராகன்ஸுக்கும் அப்படியே கேக்கலாம். அங்கேயும் அதே பாதியைக் காணோம்.

ஏலத்துக்கும் ஒரு நியாயம் உண்டு

ஏலமே தப்பு என்று சொல்ல வரல. ஏலமும் பண வரம்பும் இல்லைன்னா, காசுள்ள ரெண்டு அணி நல்ல ரெய்டர் அத்தனை பேரையும் அள்ளிக்கும். தலைவாஸ், டைட்டன்ஸ் மாதிரி கீழே கிடக்குற அணிகளுக்கு ஒரு நட்சத்திரத்தைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பே இருக்காது. ஏலம் வந்ததால்தான் ஹரியானா கிராமத்துப் பையனுக்குக் கோடி கிடைக்குது. இதற்கு முன்னால் கபடி ஆடினால் ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை கிடைக்குமா என்பதுதான் அதிகபட்ச ஆசை.

ஆனால் ஏலத்துக்குள்ளேயே வீரர் வாய் திறக்க ஒரு சந்து வைக்க முடியும். கிரிக்கெட்டில் இருக்கு. ஐ.பி.எல்.-லில் ஒரு ஆளை இன்னொரு அணிக்கு மாத்தணும்னா அந்த வீரர் சம்மதிக்கணும். 2025 நவம்பரில் ஜடேஜா சென்னையிலிருந்து ராஜஸ்தானுக்குப் போய், சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தது அப்படித்தான். ஜடேஜாவின் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைஞ்சது. குறைஞ்சாலும் அவர் சம்மதம் அதில் இருந்தது.

எங்க பக்கம் தென்னந்தோப்புக் குத்தகையிலே இந்தப் பழக்கம் இருக்கே. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்து தோப்பு தோப்பாகச் சாய்ச்சப்போ, குத்தகைப் பணம் கொடுத்தவரும் தோப்புக்காரரும் விழுந்த மரத்து மேலேயே உக்காந்து பேசித்தான் எங்க வீட்டில் கணக்கை முடிச்சாங்க. ரெண்டு பேருக்கும் நஷ்டம். ஆனா ஒருத்தர் முடிவை இன்னொருத்தர் செய்தித்தாள்ல படிச்சுத் தெரிஞ்சுக்கல.

இந்தச் சந்து இல்லாததால் கடைசியில் என்ன ஆகுது என்பதற்கு பர்தீப் நர்வால் போதும். பாட்னாவுக்கு மூணு கோப்பை. ஒரே சீசனில் 369 ரெய்டு புள்ளி. 2021-ல் பாட்னா விட்டது, உ.பி. 1.65 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஏலத்தில் 90 லட்சம். 2024-ல் பெங்களூருக்கு 70 லட்சம். 2025 ஏலத்தில் எடுக்க ஆளில்லை. ஓய்வு பெறுவதாக அறிவிச்சுட்டார். மொத்தம் 1801 ரெய்டு புள்ளி எடுத்த ஆள். குறைஞ்ச காசுக்குப் பழைய அணியில் கடைசி ஒரு சீசன் ஆடிட்டுப் போறேன் என்று அவர் கேக்க நினைச்சிருந்தால், அதைக் கேக்க எந்தக் கதவு இருந்தது?

நம்ம பசங்க

சித்தப்பாவின் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: "அது கெடக்கட்டும், நம்ம பய எவனாச்சும் இருக்கானா?"

தலைவாஸில் தமிழ் வீரர்கள் வந்து போயிருக்காங்க. பிரபஞ்சன் ஆடியிருக்கார், டிஃபென்டர் அபிஷேக் சில சீசன் இருந்தார். ஆனால் தஞ்சை மாவட்டத்துத் திருச்சென்னம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதனை எடுத்துக்கங்க. நாற்பதைத் தாண்டின வயசில், 2016-ல், பாட்னாவின் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். 2019-ல் ஹரியானாவுக்குக் கேப்டன். லீக் முழுக்க அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டாங்க. சென்னை அணியின் ஆலோசனைப் பெஞ்சுக்கு அவர் வந்து சேர்ந்தது 2024-ல். கோப்பை வென்ற புனேரி அணியின் கவர் டிஃபென்டர் அபினேஷ் நடராஜனும் தமிழ்நாட்டுப் பையன்தான். வளர்த்தது புனே.

இப்ப வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் 2025 பஹ்ரைன் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கின இந்திய அணியில் இருந்தார். அரசு 25 லட்சம் கொடுத்தது. வடுவூர் இங்கேர்ந்து ரொம்ப தூரமில்லை. நாளைக்கு அந்த மாதிரி ஒரு பையன் லீக்குக்குப் போய், 'எங்க ஊர் பஸ்ஸுக்குப் பக்கமா, சென்னை அணியில் ஆடணும், காசு கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை' என்று நினைக்கலாம். ஏலத்துக்குள் ஒருமுறை போயிட்டா, அந்த ஆசைக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. தலைவாஸ் நினைச்சால், ஏலத்துக்கு வெளியே உள்ள இளம் வீரர் வழியில் அதுக்கு ஒரு இடம் கொடுக்கலாம். வச்சுக்கிறதா விடுறதா என்ற பேச்சை அங்கேயிருந்து தொடங்கினால் எனக்கு இன்னும் பிடிக்கும்.

சரி, அர்ஜுன்?

சுத்திச் சுத்திப் பேசிட்டுப் பதில் சொல்லாமல் போனால் சித்தப்பா விடமாட்டார்.

அர்ஜுன் தேஷ்வால் ஒன்பதாவது சீசனில் 296 ரெய்டு புள்ளியோடு ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அந்த அணியின் கோச் சஞ்சீவ் பாலியான். 2025-ல் கோச்சும் ரெய்டரும் சேர்ந்தே தலைவாஸுக்கு வந்தாங்க. அர்ஜுனுக்குக் கொடுத்தது 1.405 கோடி, 5 கோடியில் 28 சதவீதம். பவனுக்குக் கொடுத்த 51 சதவீதம், சச்சினுக்குக் கொடுத்த 43 சதவீதத்தோடு பார்த்தால் இது புத்தியுள்ள விலை. மீதிப் பணத்தில் ரெண்டு நல்ல கார்னருக்கு இடமிருக்கு. அணி பிளே-ஆஃப் போகலைதான். ஆனால் கேப்டன் பாதியில் போன சீசனை வச்சு, பொறுப்பை நடுவில் வாங்கினவரை எடை போடக் கூடாது.

அதனால் என் தீர்ப்பு: வச்சுக்கணும். குறைஞ்சது இன்னும் ஒரு சீசன், அதே கோச்சோடு. கோச்சை மாத்துறதா இருந்தால் அர்ஜுனை வச்சுக்கிறதுக்கான பாதிக் காரணம் போயிடும், அதையும் சேர்த்தே முடிவு பண்ணணும்.

வச்சுக்குவாங்களா? 2022 மாதிரி இந்த முறை உறுதியாச் சொல்லமாட்டேன். இந்த அணியின் பழக்கம் விடுறது. பட்டியல் வர்ற நாளில் நான் பெயரை மட்டும் பார்க்கப் போறதில்லை, அதுக்கு முன்னால் யாராவது அவரிடம் 'உனக்கு இங்கே இருக்கப் பிடிச்சிருக்கா' என்று கேட்டதாக ஒரு வரி வருதா என்றும் பார்ப்பேன்.

இதை அப்படியே டீக்கடையில் சொன்னேன். சித்தப்பா கிளாஸைக் கீழே வச்சுட்டு, "அந்த மன்னார்குடிப் பய இப்ப எங்க இருக்கான்?"ன்னு கேட்டார்.

தெரியல என்றேன். நம்பர் இன்னும் பழைய ஸ்கோர் நோட்டில் இருக்கு. இந்த வாரம் போட்டுப் பார்க்கணும்.